உள்நுழைவுத் திரையும் தொடக்க அமைப்புகளும்: எக்ஸ்எஃப்சிஇ கணினியில் எதை எங்கே மாற்றுவது?

கேள்வி: 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் 12 லினக்ஸை எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலோடு நிறுவியிருக்கிறேன். உள்நுழைவுத் திரையில் என் பெயர் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருக்கிறது. பின்னணிப் படத்தை மாற்றினாலும் அது தெரிவதில்லை. கடவுச்சொல் கேட்காமல் நேராக உள்ளே போக வழி உண்டா? உள்ளே போன பிறகும் கணினி வேலைக்குத் தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தொடக்கத்தில் ஓடுபவற்றில் எதையெல்லாம் நிறுத்தலாம்?

பதில்:

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. உள்நுழைவுத் திரை உங்கள் கணினியில்தான் தெரிகிறது என்றாலும், அந்த நேரத்தில் நீங்கள் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, திண்ணையில்தான் நிற்கிறீர்கள். அந்தத் திரையை வரைவது லைட்-டிஎம் என்ற பெயருடைய தனிப் பயனர். அந்தப் பயனருக்கு உங்கள் வீட்டு அடைவின் சாவி கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த வால்பேப்பரோ, உங்கள் அடைவில் போட்டுவைத்த எழுத்துருவோ அதற்குத் தெரியாது. கடவுச்சொல் ஏற்கப்பட்டதும் அந்தத் திரையை வரைந்த நிரல் முடிந்துபோகிறது. உங்கள் பெயரில் புதிய அமர்வு தொடங்குகிறது. அதன்பின்தான் எக்ஸ்எஃப்சிஇ உங்கள் வீட்டு அடைவைத் திறந்து உங்கள் விருப்பங்களைப் படிக்கிறது.

எனவே எந்த அமைப்பை மாற்றப் போனாலும், அது வாசலுக்கு வெளியே உள்ளதா உள்ளே உள்ளதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே உள்ளவை எல்லாம், கணினி முழுமைக்குமான அமைப்புகளை வைக்கும் இடிசி அடைவில் இருக்கும். அவற்றைத் தொட நிர்வாகி உரிமை வேண்டும். உள்ளே உள்ளவை உங்கள் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் அடைவில் இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளை மாலை முழுவதும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சோர்ந்தவர்களுக்கு நான் பலமுறை உதவியிருக்கிறேன்.

தொடரும் முன் ஒரு குறிப்பு. கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

லைட்-டிஎம் என்பது உள்நுழைவு மேலாளர் நிரல்; மேலே சொன்ன தனிப் பயனருக்கும் அதே பெயர்தான். ராபர்ட் ஆன்செல் எழுதிய இதை, 2011 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 11.10 ஏற்றுக்கொண்டது. பின்னர் 17.10 வெளியீட்டில் உபுண்டு ஜிடிஎம் என்ற வேறோர் உள்நுழைவு மேலாளருக்கு மாறிவிட்டது. ஜுபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியனின் எக்ஸ்எஃப்சிஇ நிறுவல் ஆகியவற்றில் லைட்-டிஎம் தொடர்ந்து இருந்துவருகிறது. இதன் அமைப்பில் எனக்குப் பிடித்தது, வேலையை இரண்டாகப் பிரித்திருப்பதுதான். யாரை எப்படி உள்ளே விடுவது என்பதை லைட்-டிஎம் கவனிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் திரையை வரைவது கிரீட்டர் என்ற தனி நிரல். உங்கள் டெபியனில் அது ஜிடிகே கிரீட்டர். மின்டில் ஸ்லிக் கிரீட்டர். அதனால் அமைவுக் கோப்புகளும் இரண்டு. பெயர்ப் பட்டியல், தானியங்கி நுழைவு போன்றவை லைட்-டிஎம்மின் கோப்பில் இருக்கும். படம், எழுத்துரு, கடிகாரம் போன்றவை கிரீட்டரின் கோப்பில் இருக்கும். பின்னணிப் பட வரியை முதல் கோப்பில் எழுதினால் எந்தப் பிழையும் காட்டாமல் அது புறக்கணிக்கப்படும்.

பெயர் வராதது பழுதல்ல. பயனர் பட்டியலை மறைக்கும்படி டெபியன் தொகுப்பாளர்களே அமைத்திருக்கிறார்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பது வழிப்போக்கருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பதில் நியாயம் உண்டு. ஒருவரே பயன்படுத்தும் மடிக்கணினியில் அந்த மறைப்பு தேவையில்லை.

இதை மாற்ற, இடிசி அடைவில் லைட்-டிஎம் அடைவுக்குள் இருக்கும் லைட்டிஎம்.கான்ஃப் என்ற பெரிய கோப்பைத் திறந்து திருத்துமாறு பலரும் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதே இடத்தில் லைட்டிஎம்.கான்ஃப்.டி என்று ஓர் அடைவு இருக்கும். இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குள் 50-என்னுடையது.கான்ஃப் என்பதுபோல ஒரு சிறு கோப்பை எழுதுங்கள். கோப்பின் பெயர் எதுவாகவும் இருக்கலாம், கான்ஃப் என்று முடிந்தால் போதும். உள்ளே இரண்டே வரிகள்:

[சீட்:*]
கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்=ஃபால்ஸ்

முதல் வரியில் சீட் என்பதன் முதலெழுத்து பேரெழுத்து. சதுர அடைப்பு, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி மூன்றும் அப்படியே வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இந்தத் தலைப்பு சீட்டிஃபால்ட்ஸ் என்று இருக்கும். அது பழைய பதிப்புகளுக்கு உரியது.

தனிக் கோப்பாக எழுதுவதில் இரண்டு நன்மைகள். மேம்படுத்தலின்போது, நீங்கள் கைவைத்த கோப்பை வைத்துக்கொள்ளவா மாற்றவா என்று டெபியன் கேட்டுக் குழப்பாது. ஏதாவது கெட்டுப்போனால் அந்த ஒரு கோப்பை நீக்கினாலே பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் படிக்கும் வரிசையை நினைவில் வையுங்கள். லைட்-டிஎம் முதலில் யூஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர் பகுதியில் டெபியன் வைத்த கோப்புகளைப் படிக்கிறது. அடுத்து இடிசியில் உங்கள் சிறு கோப்புகளைப் படிக்கிறது. கடைசியாகப் பெரிய கோப்பைப் படிக்கிறது. கடைசியில் படித்ததே செல்லும். முன்பு எப்போதாவது பெரிய கோப்பில் ஒரு வரியின் முன்னிருந்த எண்குறியை, அதாவது # குறியை, நீக்கியிருந்தால் அந்த வரி உங்கள் சிறு கோப்பைத் தோற்கடித்துவிடும்.

எது செல்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. முனையத்தில் நிர்வாகி உரிமையோடு லைட்டிஎம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரட்டைக் கோடு போட்டு ஷோ-கான்ஃபிக் என்று சேர்த்துத் தட்டுங்கள். இறுதியில் நடைமுறைக்கு வரும் எல்லா வரிகளும், ஒவ்வொன்றும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு தெரியும். இந்த ஒரு கட்டளை பல மணி நேர அலைச்சலைக் குறைக்கும். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று டெபியன் சொன்னால் அஞ்ச வேண்டாம். லைட்-டிஎம் இருக்கும் எஸ்பின் அடைவு சாதாரணப் பயனரின் தேடல் பாதையில் இல்லை. நிர்வாகி உரிமையோடு, சூடோ வழியாக ஓட்டினால் கிடைத்துவிடும். சூடோவே மறுத்தால், நிறுவும்போது ரூட் என்னும் நிர்வாகிப் பயனருக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் டெபியன் உங்களை சூடோ குழுவில் சேர்ப்பதில்லை. எஸ்யூ கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடு தட்டி ரூட் ஆகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தானியங்கி நுழைவு. அதே சிறு கோப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்:

ஆட்டோலாகின்-யூசர்=உங்கள் பயனர்பெயர்
ஆட்டோலாகின்-செஷன்=எக்ஸ்எஃப்சிஇ

இரண்டாவது வரியில் எழுத வேண்டிய அமர்வின் பெயர், யூஎஸ்ஆர் அடைவில் ஷேர் பகுதிக்குள் எக்ஸ்செஷன்ஸ் என்ற இடத்தில் இருக்கும் கோப்பின் பெயர். டெஸ்க்டாப் என்ற பின்னொட்டை விட்டுவிட வேண்டும். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் இதோடு ஆட்டோலாகின் என்ற குழுவை உருவாக்கி அதில் தங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெபியனில் அது தேவையில்லை.

செய்வது எளிது. செய்யலாமா என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. மேசையைவிட்டு நகராத வீட்டுக் கணினியில் தாராளமாகச் செய்யுங்கள். முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் கேட்பது மடிக்கணினிக்கு. அது பஸ்ஸில் போகும், பையோடு தொலையும், பழுதுபார்க்கும் கடையில் இரண்டு நாள் கிடக்கும். திறப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் மின்னஞ்சலும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அவர் முன் விரியும். நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால் நிலைமை வேறு. கணினி எழும்போதே வட்டைத் திறக்க ஒரு கடவுத்தொடரைக் கேட்கும். அதைக் கடந்த பிறகு இரண்டாவது முறை கேட்காமல் இருப்பதில் தவறில்லை. மறையாக்கம் செய்யாத மடிக்கணினியில் தானியங்கி நுழைவை நான் யாருக்கும் அமைத்துக் கொடுப்பதில்லை. உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். பெயர் தானாக வந்து நின்றால் கடவுச்சொல் தட்ட சில நொடிகள்தான் ஆகும்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. தானியங்கி நுழைவை அமைத்த பிறகு, உலாவியைத் திறந்ததும் சாவிக்கொத்தைத் திறக்கக் கடவுச்சொல் தருக என்று ஒரு சாளரம் வரலாம். வழக்கமாக உள்நுழைவில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லே நோம் கீரிங் என்னும் சாவிக்கொத்தையும் திறக்கிறது. கடவுச்சொல் தட்டாமல் நுழைந்தால் அதைத் திறக்க யாரிடமும் எதுவும் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறது. சாவிக்கொத்துக்கு வெற்றுக் கடவுச்சொல் வைத்தால் கேட்பது நின்றுவிடும். ஆனால் அதில் உள்ள கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமல் வட்டில் கிடக்கும். இதை அறிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

இனிப் படம். ஜிடிகே கிரீட்டரின் கோப்பு இடிசியில் அதே லைட்-டிஎம் அடைவில்தான் இருக்கிறது, பெயர் லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்.கான்ஃப். அதில் கிரீட்டர் என்ற தலைப்பின் கீழ் பேக்கிரவுண்ட் என்ற வரியில் படத்தின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். நீங்கள் அநேகமாக உங்கள் பிக்சர்ஸ் அடைவில் இருக்கும் படத்தைக் காட்டியிருப்பீர்கள். இங்கேதான் முதலில் சொன்ன திண்ணைக் கதை வருகிறது. வீட்டு அடைவு பிறருக்கு மூடியிருந்தால் லைட்-டிஎம் பயனரால் அந்தப் படத்தைப் படிக்கவே முடியாது. முன்பெல்லாம் வீட்டு அடைவுகளைப் பிறரும் படிக்க முடிந்ததால் பழைய குறிப்புகள் அப்படியே வேலை செய்தன. உபுண்டு 21.04 வெளியீட்டில் புதிய வீட்டு அடைவுகளின் அனுமதி, பிறர் படிக்க முடியாத 750 ஆயிற்று. அது நல்ல மாற்றம். படத்துக்காக உங்கள் வீட்டு அடைவைத் திறந்துவிடாதீர்கள். படத்தை யூஎஸ்ஆர் அடைவின் ஷேர் பகுதியில் பேக்கிரவுண்ட்ஸ் அடைவுக்குள் படியெடுத்து, எல்லோரும் படிக்கும் அனுமதி 644 கொடுத்து, அந்தப் பாதையை எழுதுங்கள். கோப்பைக் கையால் திருத்தத் தயக்கமாக இருந்தால் லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்-செட்டிங்ஸ் என்ற பொதியை நிறுவினால் ஒரு சாளரத்திலேயே இவற்றை மாற்றலாம். படம் இருக்கும் இடம் பற்றிய விதி அங்கும் இதுவே.

எழுத்துருவுக்கும் அதே விதி. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்கள் சிலருக்கு உள்நுழைவுத் திரையில் மட்டும் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரியும். மேசைச்சூழலில் தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று அவர்கள் குழம்புவார்கள். எழுத்துருவை வீட்டு அடைவில் போட்டிருப்பதுதான் காரணம். லோஹித் தமிழையோ நோட்டோவையோ பொதியாக நிறுவினால் அது எல்லாப் பயனருக்கும், லைட்-டிஎம் பயனருக்கும், கிடைத்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் விசைப்பலகையில் கவனமாக இருக்க வேண்டும். தமிழ் விசையமைப்பைக் கணினி முழுமைக்கும் முதல் அமைப்பாக வைத்துவிட்டால் உள்நுழைவுத் திரையிலும் விசைகள் தமிழில்தான் விழும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் என்ன விழுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சரியான கடவுச்சொல்லைத் தட்டியும் தவறு என்று வரும்போது மனம் பதறிப்போகும். இடிசி அடைவில் டிஃபால்ட் பகுதியில் இருக்கும் கீபோர்டு கோப்பில் எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் (எல்லாம் பேரெழுத்து, இடையில் கோடு இல்லை) அமெரிக்க ஆங்கில அமைப்பை முதலில் வையுங்கள். தமிழை உள்ளே வந்த பிறகு ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வழியாகப் பயன்படுத்துங்கள். கூடுதல் பாதுகாப்புக்கு, கிரீட்டர் கோப்பில் இண்டிகேட்டர்ஸ் வரியில் அலைக்குறியோடு லேஅவுட் என்று சேர்த்தால், எந்த விசையமைப்பு நடப்பில் இருக்கிறது என்பது திரையின் மேல் பட்டையில் தெரியும்.

எளிமையான கிரீட்டருக்கு மாறினால் நினைவகம் மிச்சமாகுமா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. நீங்கள் உள்ளே நுழைந்ததும் கிரீட்டர் முடிந்துபோகிறது. 2 ஜிபி கணினியில் மிச்சப்படுத்த வேண்டிய இடம் வாசலுக்கு உள்ளே இருக்கிறது.

உங்கள் ஒரு நிமிடக் காத்திருப்பு அங்கேதான். எக்ஸ்எஃப்சிஇ உள்ளே வந்ததும் இரண்டு பட்டியல்களைப் படிக்கிறது. ஒன்று தானியங்கித் தொடக்கப் பட்டியல். மற்றொன்று முந்தைய அமர்வில் சேமித்தது. இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வெளியேறும் சாளரத்தின் அடியில், அடுத்த நுழைவுக்காக அமர்வைச் சேமிக்கவும் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. ஒரு நாள் அதில் குறி விழுந்துவிட்டால், அன்று திறந்திருந்த உலாவி, கோப்பு மேலாளர், முனையம் எல்லாம் அடுத்த நாளும் திறக்கும். அதே நிரல் தொடக்கப் பட்டியலிலும் இருந்தால் இரண்டு பிரதிகள் ஓடும். அமைப்புகளில் அமர்வும் தொடக்கமும் என்ற சாளரத்தைத் திறந்து, சேமித்த அமர்வுகளை அழித்துவிடுங்கள். பொதுப் பகுதியில் வெளியேறும்போது தானாகச் சேமிப்பதை நிறுத்துங்கள். மந்தமான பழைய கணினிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பலமுறை இதோடே வேலை முடிந்திருக்கிறது.

பிறகு அதே சாளரத்தில் தானியங்கித் தொடக்கப் பட்டியலுக்கு வாருங்கள். புளூடூத் இல்லாத கணினியில் புளூமேன் தேவையில்லை. அச்சுப்பொறி இல்லாவிட்டால் அச்சு வரிசைச் சின்னம் தேவையில்லை. திரை விசைப்பலகை, இருப்பிடம் அறியும் ஜியோக்ளூ முகவர் ஆகியவற்றையும் குறி நீக்கலாம். தொடக் கூடாதவை சில உண்டு. பாலிசிகிட் முகவரை நிறுத்தினால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் சாளரமே வராது. மென்பொருள் நிறுவுவது போன்ற வேலைகள் காரணம் சொல்லாமல் தோற்கும். நெட்வொர்க் சின்னத்தை நிறுத்தினால் வைஃபை பட்டியல் மறைந்துபோகும். மின் மேலாளரை நிறுத்தினால் மடிக்கணினியின் மூடியை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்ற உங்கள் தேர்வுகள் செல்லாமல் போகும். பெயரைப் படித்து விளங்காத எதையும் நிறுத்தாதீர்கள்.

குறி நீக்கும்போது மூலக்கோப்பு அழிவதில்லை. இடிசி அடைவில் எக்ஸ்டிஜி பகுதியில் இருக்கும் பொதுக் கோப்பு அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டு அடைவில் அதே பெயரில் ஒரு கோப்பு உருவாகி, அதில் ஹிட்டன்=ட்ரூ என்ற வரி விழுகிறது. எனவே எப்போது வேண்டுமானாலும் குறியைத் திரும்பப் போடலாம். அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவரையும் இது பாதிக்காது. தேவைதான், ஆனால் உடனே வேண்டாம் என்று தோன்றும் கனமான நிரலுக்கு, அதன் கட்டளைக்கு முன்னால் 20 நொடி உறங்கும் ஸ்லீப் கட்டளையைச் சேர்த்து எழுதலாம். மேசை முதலில் தயாராகும், அந்த நிரல் பிறகு வரும்.

எக்ஸ்எஃப்சிஇ அல்லாமல் எல்எக்ஸ்டிஇ என்ற மேசைச்சூழலை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே தொடக்கப் பட்டியல் எல்எக்ஸ்செஷன் அடைவில் ஆட்டோஸ்டார்ட் என்ற சாதாரண உரைக் கோப்பு. உங்கள் வீட்டு அடைவில் அந்தக் கோப்பை உருவாக்கினால் பொதுக் கோப்பு படிக்கப்படாது. ஒரே ஒரு வரி எழுதிவிட்டு உள்ளே போனால் பலகமும் வால்பேப்பரும் இல்லாத வெற்றுத் திரைதான் வரும். முதலில் பொதுக் கோப்பைப் படியெடுத்து, அதன் அடியில் உங்கள் வரியைச் சேருங்கள்.

வாசலுக்கு முன்னால் ஆகும் நேரத்தை சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளை சொல்லும். பிளேம் என்ற சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு சேவையும் எடுத்த நேரம் வரிசையாக வரும். அந்தப் பட்டியலின் முதல் பெயரைப் பார்த்ததும் அதை நிறுத்தப் போகாதீர்கள். சேவைகள் ஒரே நேரத்தில் பல ஓடுகின்றன. நீண்ட நேரம் எடுத்தது பிறரைக் காக்கவைத்தது என்று பொருளில்லை. கிரிட்டிகல்-செயின் என்று சேர்த்தால்தான் யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்பது தெரியும். அதில் பிணைய இணைப்புக்காகக் காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் வந்தால், பிணைய வழி வட்டுகள் எதையும் இணைக்காத வீட்டுக் கணினியில் அதை நிறுத்தலாம். உள்நுழைந்த பிறகு உங்கள் மேசை எழும் நேரம் இந்தக் கணக்கில் வராது.

மாற்றங்களைச் சோதிக்கும்போது லைட்-டிஎம் சேவையை மறுதொடக்கம் செய்தால் நீங்கள் இருக்கும் அமர்வே மூடிவிடும்; திறந்திருக்கும் எல்லாவற்றையும் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள். உள்ளே போக முடியாமல் கடவுச்சொல் திரையே திரும்பத் திரும்ப வந்தால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் உரை வழியாக உள்நுழையலாம். அங்கே டிஎஃப் கட்டளையால் வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். நிரம்பிய வட்டில் அமர்வு தொடங்காது; இது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. அடுத்து வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். வரைகலை நிரல்களை ரூட் உரிமையோடு ஓட்டியிருந்தால் அது ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கக்கூடும். அப்படியென்றால் அந்தக் கோப்பை நீக்குங்கள், அடுத்த நுழைவில் புதிதாக உருவாகும். அதுவும் காரணமில்லை என்றால் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பையும், வார் அடைவின் லாக் பகுதியில் லைட்-டிஎம் அடைவில் இருக்கும் பதிவுகளையும் படியுங்கள். கடைசி சில வரிகளில் காரணம் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

எஃப்2 திரையும் வராத அளவுக்குச் சிக்கினால், கணினி எழும்போது லினக்ஸைத் தொடக்கிவைக்கும் குரப் நிரலின் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் சிஸ்டம்டி.யூனிட்=மல்டி-யூசர்.டார்கெட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். வரைகலை எதுவும் தொடங்காமல் உரைத்திரை வரும். நீங்கள் எழுதிய சிறு கோப்பை அங்கே நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். குரப்பில் சேர்த்த வரி அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும் என்பதால், அடுத்த முறை வழக்கமான உள்நுழைவுத் திரை வந்து நிற்கும்.